கலைச்சொல் வேண்டும்: ‘காண்டெக்ஸ்ட் க்ளூ’

நாகர்கோவிலிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். ஒத்தபொருட்சொல் கேட்கும் வினாவில், விடைக்கு வழிசொல்லும் சொல் அதே வாக்கியத்தில் இருக்கும். அதைச் ‘சூழல் துப்பு’ என்று எழுதுகிறார்கள். துப்பு காவல்துறைச் சொல்லாகிவிட்டது. ‘இடக்குறிப்பு’ என்றால் பிள்ளைகளுக்கு ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’தான் நினைவுக்கு வரும்.

தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயலிலேயே வழி இருக்கிறது: “வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும் பொருள்தெரி நிலையே.” பலபொருள் ஒருசொல்லுக்குச் சொன்னது: உடன்வரும் வினை, இனச்சொல், சார்பு (சூழல்) மூன்றாலும் பொருள் தெளியும் என்கிறது. ‘வள்ளம்’ படகுமாகும், கிண்ணமுமாகும். ‘வள்ளத்தில் பால் வார்த்தாள்’ என்பதில் வினை காட்டிக்கொடுக்கிறது. ‘வள்ளமும் கட்டுமரமும்’ என்றால் இனம். முட்டம் கடற்கரையில் நின்று ‘வள்ளத்தை எடு’ என்றால் சார்பு. ஆகவே ‘சார்புக்குறிப்பு’ எனலாமா?

தக்கலையிலிருந்து:

அண்ணாச்சி, நூற்பா பொருத்தம். பெயர்தான் இடிக்கிறது. நம் கணிதப் பாடநூலில் ‘சார்பு’ வேறொன்று (ஃபங்ஷன்). மேலும் மூன்றில் ஒன்றன் பெயரை மூன்றுக்கும் வைப்பது சரியில்லை. ‘தெரிகுறிப்பு’ என்றும் எண்ணிப் பார்த்தேன். வினைமுற்றில் தெரிநிலையும் குறிப்பும் எதிரெதிர், மாணவர் குழம்புவர். திசைகாட்டி, வழிகாட்டி போலப் ‘பொருள்காட்டி’ என்போம்.

வினா எழுதுவோருக்கும் இச்சொல் உதவும். ‘தம்பி குளத்தில் சாடினான்’ என்று கொடுத்து, கண்டித்தான், மோதினான், குதித்தான், விழுந்தான் என நான்கு விடை வைத்தால் அது பழுதான வினா. ‘குளத்தில்’ முதல் இரண்டைத்தான் தள்ளும். குதித்தானும் விழுந்தானும் மிஞ்சும். குமரி வழக்கு தெரியாத பிள்ளை ஊகத்தில்தான் எழுத வேண்டும். ‘தயங்கி நின்ற தம்பியும் துணிந்து குளத்தில் சாடினான்’ என்று திருத்துங்கள். விழுவதற்குத் துணிவு வேண்டாமே! ஒவ்வொரு தவறான விடையையும் தள்ள ஒரு பொருள்காட்டியாவது வாக்கியத்தில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே வினாவை அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

மார்த்தாண்டத்திலிருந்து:

பொருள்காட்டிக்கே என் வாக்கு. ஆனால் வகை மூன்று போதாது. ‘ஆனால்’, ‘மாறாக’, ‘இருந்தும்’ வந்தால் விடை எதிர்ப்பக்கம் போகும். அதை ‘முரண்காட்டி’ எனத் தனியே பிரிக்க வேண்டும். பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான்: பக்கத்துச் சொல்லைப் பார்த்ததும் அதற்கு ஒத்ததையே குறித்துவிடுகிறார்கள்.

பயிற்சியில் முதலில் விடைகளைக் கையால் மறைக்கச் சொல்லுங்கள். பொருள்காட்டிக்கு அடிக்கோடிட்டு, கேட்ட சொல்லுக்குப் பதிலாக வருமென்று தோன்றும் சொல்லை ஓரத்தில் எழுதட்டும். அதன் பிறகே விடைகளைத் திறக்க வேண்டும். முதலிலேயே பார்த்துவிட்டால், நன்கு பழகிய பொருள் கண்ணை இழுத்துவிடும். தேர்ந்த சொல்லை வாக்கியத்தில் வைத்து ஒருமுறை வாசித்தால் காலமும் வேற்றுமையும் ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும்.

புணர்ச்சி ஒன்று பாக்கி. ‘பொருட்காட்டி’ என்று எழுதினால் பொருட்காட்சி என்று படித்துவிடுவார்கள். ‘ள்’ அப்படியே நிற்கட்டும்.