புதுப்பிப்பு: இலங்கை மலையகத்தில் வயர் இணைப்பு, இடி, கரண்ட் கட்

வீட்டு இணையத்துக்கு 4ஜி ரவுட்டரை விட வயர் இணைப்பே நல்லது என்று முன்பு எழுதியிருந்தோம். ‘ஹட்டன், மஸ்கெலியா பக்கம் இடி விழுந்தால்?’ என்று கேட்டவர்களுக்கு இது.

எந்த வயர் என்பதுதான் முதல் கேள்வி. பழைய செப்புக் கம்பியில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட வேகம் விழும். 4, 5 கிலோமீற்றர் தாண்டிய தோட்டங்களில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். மின்னலும் அந்தக் கம்பி வழியாகவே உள்ளே வரும். மற்றது ஒளியில் ஓடும் ஃபைபர்; அதன் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ரவுட்டருக்குக் கரண்ட் தரும் அடாப்டர் வழியாக மின்னல் வர வழி திறந்தே கிடக்கிறது. வானம் கறுத்தவுடன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

மலை மறைத்தால் 4ஜி தள்ளாடும், மாலையில் எல்லோரும் ஒரே டவரைப் பிடித்தால் இன்னும் மோசம். ஃபைபருக்கு மலையும் மூடுபனியும் பொருட்டல்ல, முறிந்து விழும் மரம்தான் எதிரி.

ஃபைபர் ரவுட்டரில் சிவப்பு ‘லாஸ்’ (LOS) விளக்கு மின்னினால் ரீசெட் பட்டனைத் தொடாதீர்கள். வெளிச்சம் வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள். ரீசெட் செய்தால் செட்டிங்ஸ் அழிந்து இரட்டை வேலை. அலமாரிக்குப் பின்னால் கேபிள் மடங்கியிருக்கிறதா பாருங்கள், வளைவின் ஆரம் 3 சென்டிமீற்றருக்குக் குறையக் கூடாது. டெக்னீஷியன் வந்தால் ஒளி அளவைக் கேளுங்கள்: −20 டிபிஎம் (ஒளி வலிமையின் அலகு) நல்லது, −27க்கும் கீழே போனால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். ஃபைபர் கேபிளின் பச்சை முனையும் நீல முனையும் ஒன்றுக்கொன்று சேராது.

கரண்ட் போனால் ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் (சிறு பேட்டரிப் பெட்டி) போதும். வழியில் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. வாங்குமுன் ரவுட்டரின் அடாப்டரில் அச்சிட்ட வோல்ட், ஆம்பியரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.