டாக்டருக்கு மிப்ஸ் தகுதி இல்லை, ஆனாலும் பணத்தில் வெட்டு: அவசர உதவி தேவை

பொன்னி_திருச்சி:
மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். நாங்கள் பில்லிங் பார்க்கும் அமெரிக்க டாக்டருக்கு மிப்ஸ் (அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிக்கேர், மதிப்பெண் பார்த்து டாக்டருக்குத் தரும் பணத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும் திட்டம்) தகுதி இல்லை என்று இணையதளத்தில் நானே பார்த்தேன். ஆனாலும் மெடிக்கேர் பணத்தில் பிடித்திருக்கிறார்கள். தகுதியே இல்லாதவருக்கு எப்படி வெட்டு விழும்? எங்கே முறையிடுவது?

மாடக்குளம்:
எந்த ஆண்டு கிளெய்ம்? ரெமிட்டில் (பணத்தோடு வரும் விவரச் சீட்டில்) என்ன குறியீடு? டாக்டர் தனியாக இருக்கிறாரா, கிளினிக்கில் பலரில் ஒருவரா? இவை தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது தங்கச்சி.

கணக்கு_சுந்தர்:
இது மிப்ஸே அல்ல. மெடிக்கேர் எல்லோரிடமும் பிடிக்கும் 2 சதவீத சீக்வெஸ்ட்ரேஷன், அதாவது அரசின் செலவுக் குறைப்பு. 2013 முதல் இருக்கிறது, கொரோனா காலத்தில் மட்டும் நிறுத்தி வைத்தார்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

பொன்னி_திருச்சி:
2025 கிளெய்ம். அனுமதித்த தொகை 100 டாலர், நோயாளியின் பங்கு 20. மீதி 80இல் இரண்டு பிடித்தம். ஒன்றில் 253. இன்னொன்றில் சிஓ 237, பக்கத்தில் என்807.

மாடக்குளம்:
சுந்தர் சொன்னது 253க்குச் சரி. ஆனால் 237உம் என்807உம் சேர்ந்து வந்தால் அது மிப்ஸ்தான், சந்தேகமே வேண்டாம். டாக்டர் 2023இல் வேறு இடத்தில் வேலை பார்த்தாரா? 2025இல் விழும் வெட்டு 2023 மதிப்பெண்ணுக்கானது. பழைய இடத்து மதிப்பெண், டாக்டரின் அடையாள எண்ணான என்பிஐயோடு புது இடத்துக்கும் வந்துவிடும். என் கண்ணெதிரே இப்படி நடந்திருக்கிறது.

கணக்கு_சுந்தர்:
முதலில் சீக்வெஸ்ட்ரேஷனைக் கழித்துவிட்டுப் பாருங்கள் என்றுதான் நான் சொன்னேன்.

மூத்த_பில்லர்:
இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பாடத்தைப் படிக்காமல் கேள்வி கேட்கும் பழக்கம் மாறவே இல்லை. 'எலிஜிபிள்' என்பதைப் பரிசுக்குத் தகுதி என்று நினைத்துக்கொள்கிறீர்கள். மிப்ஸில் அதன் பொருள் வலைக்குள் இருப்பவர் என்பது. 'குவாலிஃபையிங்' என்றால் மேம்பட்ட ஏபிஎம் (மாற்றுக் கட்டண முறை) ஒன்றில் போதிய அளவு பங்கேற்று, மிப்ஸிலிருந்தே விலக்குப் பெற்றவர். இரண்டையும் தமிழில் 'தகுதி' என்று எழுதிப் படித்தால் இப்படித்தான் ஆகும். ஆங்கிலத்திலேயே படியுங்கள்.

கயல்விழி_கோவை:
சொற்பொருள் சரி, அறிவுரைதான் சரியில்லை ஐயா. என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் பலர் தமிழ் வழியில் படித்தவர்கள். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தவர்களும் இதே சொல்லில்தான் தவறுகிறார்கள். நான் 'உட்பட்டவர்', 'விலக்குப் பெற்றவர்' என்று எழுதிப் போடுகிறேன். அதன் பிறகு யாரும் குழம்பியதில்லை.

மூத்த_பில்லர்:
வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் 'உட்பட்டவர்' என்றா சொல்வீர்கள்?

கயல்விழி_கோவை:
அவரிடம் ஆங்கிலத்தில் பேசுவோம். ஆனால் எனக்கு விளங்காததை அவருக்கு எந்த மொழியில் விளக்குவது?

மாடக்குளம்:
இந்த விவாதத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெண்ணுக்கு மணி ஆகிறது.

கயல்விழி_கோவை:
பொன்னி, அந்தப் பக்கத்தில் 'தனிநபர்' என்ற வரியை மட்டும்தானே பார்த்தீர்கள்? அதற்குக் கீழே 'குழு' என்று இன்னொரு வரி இருக்கும். ஓராண்டில் 90,000 டாலருக்கு மேல் கட்டணம், 200க்கு மேல் நோயாளிகள், 200க்கு மேல் சேவைகள் என மூன்றையும் தாண்டினால்தான் ஒரு டாக்டர் கட்டாயமாக உள்ளே வருவார். வாரம் இரண்டு நாள் வருகிறவர் பெரும்பாலும் தாண்ட மாட்டார். ஆனால் கிளினிக்கின் அதே வரி செலுத்தும் எண்ணில் (டிஐஎன்) உள்ள எல்லோரையும் கூட்டினால் கிளினிக் தாண்டிவிடும். கிளினிக் குழுவாகத் தரவு அனுப்பியிருந்தால், குழுவின் மதிப்பெண் அவருக்கும் விழும். குழுவாக அனுப்பாமல் இருந்திருந்தால் அவருக்கு வெட்டே இல்லை.

2023க்குத் தேவையான மதிப்பெண் 75. அதற்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு சிறிய வெட்டு. 18.75 அல்லது அதற்குக் கீழே போனால் முழு 9 சதவீதம். மதிப்பெண்ணை எதிர்த்து மறுஆய்வு கேட்கும் காலம் 2024லேயே முடிந்துவிட்டது. அதனால் முறையீட்டுக்கு வழி இருக்கிறது என்று டாக்டருக்கு நம்பிக்கை கொடுத்துவிடாதீர்கள். அதுதான் எனக்குக் கவலை.

கணக்கு_சுந்தர்:
கிளினிக்கில் எத்தனை பேர்? 15 அல்லது அதற்குக் குறைவு என்றால் சிறு கிளினிக். மிப்ஸின் தரப் பிரிவில் 6 புள்ளி கூடுதலாகக் கிடைத்திருக்க வேண்டும்.

மூத்த_பில்லர்:
ஒரு தர அளவீட்டையாவது அனுப்பியிருந்தால்தான் அந்த 6 புள்ளி. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பொன்னி_திருச்சி:
பார்த்துவிட்டேன் அக்கா. தனிநபர் வரியில் விலக்கு, குழு வரியில் உட்பட்டவர். கிளினிக் மேலாளரிடம் கேட்டோம், 2023க்குக் குழுவாக அனுப்பியது அவர்கள்தான். மதிப்பெண் 61. டாக்டருக்கு இது தெரியவே தெரியாதாம். எல்லோருக்கும் நன்றி, அழைப்பு வந்துவிட்டது.

மாடக்குளம்:
2024க்கும் குழுவாகத்தான் அனுப்பினார்களா? அப்படியானால் 2026 கிளெய்ம்களிலும் இதே கதைதான். கேட்டுச் சொல்லுங்கள்.

கணக்கு_சுந்தர்:
கிளினிக்கில் எத்தனை பேர் என்பதையும்.