தென்னையில் வெள்ளை ஈ: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டவும்

வணக்கம். எங்கள் உழவர் மன்றத்தினர் சென்ற ஞாயிறன்று கானாடுகாத்தான் அருகே உறுப்பினர் ஒருவரின் தென்னந்தோப்புக்குப் போயிருந்தோம். கீழ்மட்டைகளைத் திருப்பிப் பார்த்தபோது, ஓலையின் அடிப்புறத்தில் வெள்ளை ஈக்கள் சுருள் சுருளாக முட்டையிட்டிருந்ததையும், அவை சொரிந்த தேன் போன்ற கழிவின்மேல் கரும்பூசணம் படர்ந்து, ஊடுபயிரான வாழையின் இலைகள்கூடக் கரி பூசியதுபோல் கிடந்ததையும் கண்டோம்.

பூச்சிக்கொல்லி அடித்தால் வெள்ளை ஈயை அழித்து நன்மை செய்யும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியும் அழியும் என்பதால் அது வேண்டாமென முடிவு செய்தோம், தோப்புக்காரருக்கு அரைமனம்தான். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் பொறிகளைக் கட்டிவிட்டு, பூசணம் உதிர, லிட்டர் நீருக்கு 25 கிராம் வீதம் மைதாப் பசை தெளிக்க இருக்கிறோம்.

நாற்பதடி மரத்தின் ஓலைவரை இக்கரைசல் எட்ட எந்த விசைத்தெளிப்பான் ஏற்றது? நாசில் அடைபடாமலிருக்க எவ்வாறு காய்ச்சி வடிகட்டினீர்கள்? செய்து பார்த்தவர்கள் அன்புகூர்ந்து தெரிவிக்கவும்.