சுஜாதா முழுநேர எழுத்தாளரா?

பீடோக் வாசகி:
விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் எடுத்த ‘நைலான் கயிறு’ நாவலை எம்ஆர்டியில் படித்துக்கொண்டே போய், இறங்க வேண்டிய நிலையத்தையே விட்டுவிட்டேன். வக்கீல் கணேஷைப் படைத்த சுஜாதாவுக்கு வேறு வேலை இருந்ததா? பெண் பெயர் வேறு குழப்புகிறது.

தேக்கா அண்ணன்:
அவர் இஞ்சினியர், தங்கச்சி. இயற்பெயர் ரங்கராஜன், பிறந்தது 1935. குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் என்ற எழுத்தாளர் இருந்ததால் மனைவி பெயரைப் புனைபெயராக்கிக்கொண்டார். முதலில் விமானப் போக்குவரத்துத் துறை, அப்புறம் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ்; இந்தியாவின் மின்னணு வாக்கு இயந்திரம் உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. இதற்கு நடுவில் வாரத் தொடர்கள் வேறு, நினைத்தாலே தலை சுற்றுகிறது!

ஜூரோங்காரன்:
தொடர்கதை என்பதால்தான் அந்த வேகம். கடைசி வரியில் ஆளைத் தவிக்கவிட்டால்தானே அடுத்த இதழை வாங்குவார்கள்? நீண்ட வர்ணனையெல்லாம் கிடையாது, பாதிக் கதையை உரையாடலே நகர்த்திவிடும். கணேஷின் உதவியாளன் வசந்த் பிறகுதான் வந்து சேர்ந்தான், அவன் அடிக்கும் ஜோக்குகள் சில இன்று முகம் சுளிக்க வைக்கும், இப்போதே சொல்லிவிட்டேன்.

பீடோக் வாசகி:
பரவாயில்லை, வசந்த் வரும் கதை ஒன்று சொல்லுங்கள் அண்ணே.

தேக்கா அண்ணன்:
‘கொலையுதிர் காலம்’. பேயா விஞ்ஞானமா என்று கடைசிவரை இழுப்பார். ராத்திரியில் தனியாக எடுக்காதே.