அமராவதி ஸ்தூபி மாதிரி 1:50: சாஞ்சியைப் பார்த்தே செய்துவிடலாமா?

கேள்வி: அஸ்தம்பட்டி வாசகர்

ஏற்காட்டில் ஒரு பள்ளிக் கண்காட்சிக்கு ஆந்திராவின் அமராவதியில் இருந்த பௌத்த மகாஸ்தூபியின் மாதிரி வேண்டும். சேலத்தில் செய்து வண்டியில் மலையேற்ற வேண்டும். தேடினால் வருகிற படமெல்லாம் மத்தியப் பிரதேசத்து சாஞ்சி ஸ்தூபிதான். அதையே பெரிதாக்கினால் போதுமா? வேதிகையை, அதாவது சுற்றியுள்ள கல்வேலியை, நம்ம ஊர் மாக்கல்லில் செதுக்கலாமா? ஒரு பக்கத்தை வெட்டி உள்கட்டைக் காட்டவும் ஆசை.

பதில்: ஆயகத்தூண்

சாஞ்சியைப் பெரிதாக்கினால் அது பெரிய சாஞ்சியாகத்தான் இருக்கும் சார். அங்கே அண்டத்தின் (அரைக்கோளக் குவிமாடத்தின்) விட்டம் சுமார் 36.6 மீட்டர். அமராவதியில் மேதியே (அண்டத்தைத் தாங்கும் வட்ட அடிமேடை) 162 அடி, வேதிகை வட்டம் 192 அடி. 1:50இல் மேதி கிட்டத்தட்ட 99 செ.மீ., வேதிகை 117 செ.மீ.

சாஞ்சியின் நான்கு தோரணங்களை (அலங்காரக் கல்வாயில்களை) இங்கே கொண்டுவராதீங்க. அமராவதியில் நான்கு திசையிலும் வேதிகையே வெளியே நீண்டு வாசலாகும். வாசல் தூண்களின் உச்சியில் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கும். வாசலுக்கு நேரே மேதியிலிருந்து ஒரு மேடை துருத்தி நிற்கும், அதன்மேல் ஐந்து ஆயகத் தூண்கள். நான்கு பக்கமும் சேர்த்து 20. புத்தரின் பிறப்பு, துறவு, ஞானம், முதல் உபதேசம், பரிநிர்வாணம் என ஐந்துக்கும் பொருள் சொல்வார்கள். இந்தத் தூண்கள் இல்லாத மாதிரியை அமராவதி என்று எழுதி வைக்கக் கூடாது.

ஸ்தூபி மேற்பகுதியின் வடிவத்துக்கு நம்பகமான வழிகாட்டி, ஸ்தூபியின் உருவத்தையே செதுக்கி மேதியைச் சுற்றிப் பதித்திருந்த பலகைகள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் அமராவதிக் கூடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அளவு போடுங்க. அண்டத்தின் உயரம் எங்கே போட்டிருந்தாலும் அது மீட்டுருவாக்கக் கணக்குதான், அளந்தது இல்லை. பெயர்ப்பலகையில் அதைக் குறிப்பிடுங்க.

பதில்: மாக்கல் பட்டறை

வேதிகைக்கு 136 தூண், 348 சூசி (தூண்களுக்கு இடையே செருகும் குறுக்குக் கல்) என்பது ஆய்வாளர் கணக்கு. தூண் ஏறக்குறைய 9 அடி, மாதிரியில் 5.5 செ.மீ. வரும். அந்த அளவில் மாக்கல் வேண்டாம். கல்சட்டிக்கு அது தங்கம், ஆனால் அரை செ.மீ. கனத்தில் துளை போட்டால் விளிம்பு பொரிந்துவிடும்.

ஒரு தூண், ஒரு சூசி மட்டும் மாக்கல்லில் சுத்தமாகச் செதுக்குங்க. அதன்மேல் சிலிக்கான் அச்சு எடுத்து ரெசினில் வார்த்துக்கொள்ளலாம். உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்து 150 தூண், 380 சூசி. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மலிவு, ஆனால் தூணுக்குள் செருகும் சூசியின் முளை ஒடியும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் ஈரமும் இழுக்கும்.

எல்லோரும் தவறுவது சூசியில்தான். வேலிக் கம்பி மாதிரி தட்டையாகச் செய்து இடைவெளி விடுவார்கள். அசலில் அதன் குறுக்குவெட்டு நடுவில் தடித்து விளிம்பில் மெலிந்த பருப்பு வடிவம்; மர வேலையின் பழக்கம் கல்லிலும் தொடர்ந்தது. இரண்டு தூணுக்கு நடுவே மூன்று சூசியும் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி நிற்கும், ஒவ்வொன்றிலும் வட்டத் தாமரை. தூணில் நடுவே முழுத் தாமரை, மேலும் கீழும் அரைத் தாமரை. தூண்களின் மேல் படுக்கும் தலைக்கல்லின் வெளிப்புறம் ஆட்கள் சுமக்கும் நீண்ட மாலை.

ஒட்டும் வரிசையும் முக்கியம். எல்லாத் தூணையும் முதலில் நட்டுவிட்டால் சூசி உள்ளே நுழையாது. ஒரு தூண், மூன்று சூசி, அடுத்த தூண் என்று போகணும். தலைக்கல் கடைசியில்.

பதில்: பழைய வரைபடம்

உள்வெட்டு வேண்டாம் என்பது என் கருத்து. 1790களில் ஜமீன்தார் வாசிரெட்டி வெங்கடாத்ரி நாயுடுவின் ஆட்கள் புது ஊருக்குக் கல் தேடி இந்த மேட்டைத் தோண்டினார்கள். அந்தச் செய்தி கேட்டுத்தான் ஆங்கிலேய நில அளவையாளர் காலின் மெக்கன்சி அங்கே போனார். 1816இல் அவர் திரும்பி வந்து படங்கள் வரையச் செய்தபோது நடுப்பகுதி குளமாகியிருந்தது. பிறகு 1845இல் வால்டர் எலியட், 1877இல் ராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேய அதிகாரிகள் என ஆளாளுக்குத் தோண்டினார்கள். 1880இல் மதராஸ் ஆளுநர் உத்தரவில் மொத்தமாக அள்ளிக் கொட்டிய பிறகு வந்த தொல்லியலாளர் பர்ஜெஸுக்குச் சிதறிய கல்தான் மிச்சம். எந்தக் கல் எந்த அடுக்கில் கிடந்தது என்ற பதிவே இல்லாமல் உள்கட்டை எப்படிக் காட்டுவீங்க?

சக்கர ஆரம் போல செங்கல் சுவர் எழுப்பி இடையில் மண் நிரப்பிய உள்கட்டு, நாகார்ஜுனகொண்டா என்ற இன்னொரு பௌத்தத் தலத்தில் உறுதியாகக் கிடைத்தது. அதை இங்கே பொருத்துவது தவறு. வேண்டுமானால் பக்கத்தில் தனி வரைபடமாக வையுங்க.

பலகையில் பளிங்கு என்று எழுதாதீங்க, அது பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல்.

அஸ்தம்பட்டி வாசகர்

நன்றி சார். ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுக்கு என்ன வழி? சேலத்தில் முனியப்பனாக வணங்கப்பட்ட தலைவெட்டி முனியப்பன் கோயில் புத்தரையும் இதோடு வைக்கலாமா?

பதில்: மாக்கல் பட்டறை

வாசல் நீட்டத்தோடு ஒரே பலகையாகச் செய்தால் கதவில்கூட நுழையாது. நான்கு துண்டாக்குங்க, ஆனால் வெட்டு வாசல் வழியே போகக் கூடாது. மூலைத் திசையில் போகட்டும். அப்போது ஒவ்வொரு துண்டிலும் ஒரு முழு வாசல், ஒரு முழு ஆயக மேடை, 34 தூண் இருக்கும். ஒட்டாமல் போல்ட் போட்டு இணையுங்க. அண்டம் தெர்மாகோலில் தனியாகக் கழன்று வரணும்.

பதில்: பழைய வரைபடம்

முனியப்பன் கோயில் சிலையைத் தனிப் பலகையில் படமாக வையுங்க, ஸ்தூபி மாதிரியோடு ஒட்ட வேண்டாம். அர்த்தபத்மாசனம், தியான முத்திரை, சுருள்முடி, நீண்ட காது. தாமரைப் பீடம் நீங்கலாக உயரம் 108 செ.மீ. உடைந்த தலையைச் சிமெண்டும் சுண்ணாம்பும் வைத்து ஒட்டியதில் சற்றுச் சாய்ந்திருக்கிறது. தொல்லியல் துறை அறிக்கையை ஏற்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அது புத்தர் என்றது. இதோடு ஆத்தூர்ப் பக்கத்துத் தியாகனூர்ப் புத்தரின் படமும் இருந்தால் பலகை நிறைந்துவிடும்.