புதுப்பிப்பு: லூக்கா 14:26-இல் வரும் "வெறுக்காவிட்டால்"

போன வாரம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். தகப்பனையும் தாயையும் "வெறுக்காவிட்டால்" தமக்குச் சீஷனாக முடியாது என்று இயேசு எப்படிச் சொன்னார்? அம்மாவின் வேதாகமத்தில் அந்த வசனத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் போட்ட கேள்விக்குறியைப் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நின்றது.

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஒரு அண்ணன் ஆதியாகமம் 29-ஐப் பார்க்கச் சொன்னார். 30-ஆம் வசனத்தில் யாக்கோபு தன் இரு மனைவிகளில் லேயாளைவிட ராகேலை அதிகமாய் நேசித்தான். அடுத்த வசனத்தில் லேயாள் அற்பமாய் எண்ணப்பட்டாள் என்று வாசிக்கிறோம். எபிரெய மூலத்தில் அங்கே இருப்பது "வெறுக்கப்பட்டவள்" என்ற சொல்! ஒருவரைவிட இன்னொருவரைக் குறைவாக நேசிப்பதையும் அந்த மொழி வெறுப்பு என்றே சொல்லும். மத்தேயு 10:37 "என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்" என்று அதையே தெளிவாக்குகிறது. அப்புறம் மாற்கு 7: "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கையாகக் கொடுத்தாயிற்று என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடுவதை இயேசுவே கண்டிக்கிறார்.

ஆனால் "சும்மா மிகைப்படுத்திச் சொன்னார்" என்ற விளக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. லூக்காவில் அடுத்த வசனமே சிலுவை சுமப்பது பற்றித்தானே?

நேற்று ராத்திரி அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கேள்விக்குறியை அவர் அழிக்கவில்லை. பக்கத்தில் "ஆதி. 29:31" என்று எழுதி வைத்தார்.