நூலடுக்கு ஒலிபெருக்கியா, குறும்பெட்டியா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பழைய ஸ்பீக்கர் வாங்குவதா புதியது வாங்குவதா என்ற கட்டுரைக்காக, ‘புக்செல்ஃப் ஸ்பீக்கர்’ எனப்படும் சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குத் தமிழ்ச் சொல் தேடித் தொடங்கிய இந்த இழையில் இதுவரை இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. சென்னை நண்பர் ‘நூலடுக்கு ஒலிபெருக்கி’ என்றார். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா ‘அலமாரி ஒலிபெருக்கி’ என்றார். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. காரணத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ‘ஒலிபெருக்கி’. யாழ்ப்பாணத்தில் இந்தச் சொல்லைக் கேட்டதும் கண்ணுக்குள் வருவது கோயில் திருவிழாவில் கம்பத்தில் கட்டியிருக்கும் புனல்தான். வீட்டு விறாந்தையில் மெல்லப் பாடுகிற பெட்டியை நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. அதோடு, பெருக்குகிற வேலையைச் செய்வது அந்தப் பெட்டி இல்லை, அதற்கு முன்னால் இருக்கிற அம்பிளிபயர். எங்கள் பாடநூல்களில் அதற்கு ‘விரியலாக்கி’ என்ற சொல் இருக்கிறது. பெட்டி செய்வது மின்னை வாங்கி அதிர்வாக்குவது. ‘ஒலிவாங்கி’ நன்றாக வேரூன்றிவிட்டதால் அதற்குச் சோடியாக ‘ஒலிவழங்கி’ என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் ‘வழங்கி’ ஏற்கெனவே கணினித்துறையில் சேர்வருக்குப் போய்விட்டது. குழப்பம்தான் மிஞ்சும்.

அடுத்தது ‘நூலடுக்கு’. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சரும் ஹென்றி குளோசும் அக்கூஸ்ரிக் றிசேர்ச் என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். அதுவரை ஆழ்ந்த ஒலி வேண்டுமென்றால் பெரிய பெட்டி வேண்டும். வில்ச்சர், ஸ்பீக்கருக்குள் அதிர்ந்து ஒலி எழுப்புகிற கூம்பின் பிடிமானத்தை மிகவும் தளர்வாக்கி, காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் அகப்பட்ட காற்றையே ஸ்பிரிங்காக வேலை செய்ய வைத்தார். பெட்டி சிறுத்தது, தட்டில் வைக்கலாம் என்று ஆனது, பெயரும் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தக் கம்பனி 1958இல் கொண்டுவந்த ஏஆர்-3 ஒன்றே 20 கிலோவுக்கு மேல். எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரி அதைத் தாங்காது. இன்று வருகிற சின்னப் பெட்டிகள் பலவற்றுக்குப் பின்பக்கம் துளை இருக்கிறது. அவற்றைச் சுவரோடு ஒட்டிய தட்டில் வைத்தால் அடித்தொனி வீங்கி எல்லாவற்றையும் மூடிவிடும். வைக்கக் கூடாத இடத்தையே பெயராக வைத்து வாசகரைத் தவறாக வழிநடத்துவானேன்?

வில்ச்சர் செய்த வேலையில் பெட்டிதான் பாதி. ஆகவே பெயரிலும் பெட்டி இருக்கட்டும். ‘ஸ்பீக்கர் பெட்டி’ என்று ஊரில் சொல்கிறார்கள், சுருதிப் பெட்டி இருக்கிறது, றேடியோப் பெட்டி இருந்தது. என் முன்மொழிவு: பொதுவாக ‘ஒலிப்பெட்டி’. அதில் சின்னது ‘குறும்பெட்டி’, தரையில் நிற்கிற உயரமானது ‘நெடும்பெட்டி’. குறும்படத்தை ஏற்றுக்கொண்ட காதுக்குக் குறும்பெட்டி உறுத்தாது. ‘ஒலிப்பேழை’ இதைவிட அழகு என்பீர்கள். அது கசெற்றுக்குக் கொடுத்த பெயர், திரும்பப் பிடுங்க எனக்கு மனமில்லை.

கட்டுரைக்கு இன்னொரு சொல்லும் தேவை. கூம்பின் வெளிவிளிம்பையும் உலோகச் சட்டத்தையும் இணைக்கிற மெல்லிய வளையம் இருக்கிறதே, அதற்கு. பழையது வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியதே அதைத்தான்.

இதைச் சொந்த அனுபவத்தில் படித்தேன். 1977இற்குப் பிறகு இறக்குமதி திறந்துவிட்ட காலத்தில் அப்பா கொழும்பிலிருந்து யப்பான் குறும்பெட்டி ஒரு சோடி கொண்டுவந்தார். 1990இல் போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. ஊர் சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டது. அந்தப் பெட்டிகள் துணி போர்த்தியபடி மூலையில் இருந்தன. 1995 இடப்பெயர்வுக்குப் போய்த் திரும்பியபோதும் அப்படியே இருந்தன. துணியை எடுத்து விளிம்பைத் தொட்டேன். நுரை கறுப்புப் பிசினாக விரலில் ஒட்டியது. திருத்தக் கொடுத்த இடத்தில் சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டித் தந்தார்கள். கூம்பு அசைய மறுத்தது, அது இயல்பாக அதிரும் வேகமான பரிவு மீடிறன் மேலே ஏறி, அப்பா ஆசையாகக் கேட்ட தவிலின் ஆழ்ந்து ஒலிக்கிற தொப்பிப் பக்கம் காணாமல் போனது. பல வருடம் கழித்து அளவான நுரை வளையம் எடுப்பித்து, நானே ஒட்டிய அன்றுதான் அது திரும்ப வந்தது. அப்பா அதைக் கேட்க இருக்கவில்லை.

அந்த வளையத்துக்கு ‘நெகிழ்கரை’ என்று வைக்கலாம். சேலைக்கும் வேட்டிக்கும் ஓரத்தில் இருப்பது கரை, கூம்புக்கும் அப்படியே. நுரைக்கரை, இறப்பர்க்கரை, துணிக்கரை என்று தன்னாலேயே பிரியும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த எங்கள் ஊரில் நுரைக்கரை கரைந்துதான் போகும். நல்ல இறப்பர்க்கரை நிற்கும். திருத்துவது ‘கரை மாற்றுதல்’.

பழைய ஸ்பீக்கரை ‘வின்டேஜ்’ என்கிறார்கள், அது திராட்சை அறுவடை ஆண்டிலிருந்து வந்த சொல். அதற்குத் ‘தொன்மை’ வேண்டாம், ‘பழம்பெட்டி’ போதும். பழையதுக்கும் புதியதுக்கும் நடுவே எல்லைக்கோட்டை ஆண்டில் மட்டும் போடவும் முடியாது. 1961இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீலும், 1970களின் தொடக்கத்தில் றிச்சர்ட் ஸ்மோலும் கூம்புக்கு ஏற்ற பெட்டியின் அளவைக் கணிக்கும் கணக்கை எழுதிவைத்த பிறகு, கணக்குப் போட்டுச் செய்தவை வேறு, கைப்பழக்கத்தில் செய்தவை வேறு. 1970களில் பிபிசி தன் வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ சுமார் 5 லீற்றர்ப் பெட்டி. மனிதக் குரலில் இன்றும் அதை மெச்சுகிறார்கள். ஆனால் சத்தம் குறைவு, 1 உவாற்று மின் கொடுத்து 1 மீற்றர் தள்ளி அளந்தால் 83 டெசிபெல் அளவுதான்.

இழையைத் தொடங்கிய தம்பிக்கு: நெகிழ்கரையும் உள்ளே உலர்ந்துபோன கொள்ளளவிகளும் (கப்பாசிற்றர்கள்) மாற்றப்பட்டிருந்தால் பழம்பெட்டி எடுங்கள். இல்லையென்றால் அதே காசுக்குப் புதிய குறும்பெட்டி மேல். தாழ்ந்த சுரத்தையும் உயர்ந்த சுரத்தையும் தனித்தனிக் கூம்புக்கு அனுப்புகிற சுற்றுக்கு ‘மீடிறன் பிரிப்பி’ என்று குறித்திருக்கிறேன். தமிழகத்து நண்பர்களுக்கு மீடிறன் பழக்கமில்லை, ‘அதிர்வெண் பிரிப்பி’ என்பார்கள். கடலின் இரண்டு கரைக்கும் பொதுவாக ‘சுரம்பிரிப்பி’ சரிவருமா? அக்காவின் கருத்து வேண்டும்.